இருநூறுக்குக் கீழே

மே 4, ஞாயிறு

டாக்டர் உமையாள் நோட்டு எழுதச் சொல்லிவிட்டார். "தினமும் எத்தனை தடவை போனீங்க, ரத்தம் உண்டா, வலி உண்டா, என்ன சாப்பிட்டீங்க, என்ன மருந்து எடுத்தீங்க. ஒண்ணு விடாம எழுதணும்" என்றார். நாற்பத்தாறு வயதில் எனக்கு வீட்டுப்பாடம். பள்ளிக்கூடத்திலேயே ஒழுங்காக எழுதியிருந்தால் நான் ஏன் கிரேன் ஓட்டப் போகிறேன்?

முதல் பக்கம் என்பதால் முறையாக ஆரம்பிக்கிறேன். பெயர் ஜெரோம் மச்சாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் பதினெட்டு வருடமாகக் கிரேன் ஆப்பரேட்டர். கப்பலில் இருக்கும் கன்டெய்னரைத் தூக்கிக் கரையில் நிற்கும் லாரியில் வைக்கிற வேலை. தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடித் தரை போட்ட ஒரு சின்ன கேபின் இருக்கும். அதுதான் என் ராஜ்ஜியம். ஏறினால் நான்கு மணி நேரம் இறங்க முடியாது. ராஜ்ஜியத்தில் எல்லாம் உண்டு, கக்கூஸ் மட்டும் கிடையாது.

ஜனவரியில் பெருங்குடல் புண்ணாகிப்போனது. ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை, அதுவும் ரத்தத்தோடு. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இப்போது என்னை மேலேயிருந்து இறக்கி, கேட்டில் லாரி நம்பர் எழுத உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் லாரி தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். இப்போது அதே லாரி என் மூஞ்சியில் புகை விட்டுவிட்டுப் போகிறது.

தடவை: 5. ரத்தம்: கொஞ்சம். வலி: உண்டு. சாப்பாடு: இட்லி, சோறு, நெத்திலிக் குழம்பு. மருந்து: காலை இரண்டு, ராத்திரி இரண்டு, குட்டி வெள்ளை மாத்திரை ஒன்று.

மே 5, திங்கள்

தடவை: 6. திங்கட்கிழமை என் குடலுக்கும் பிடிக்காதுபோல.

மே 9, வெள்ளி

இன்று மலப் பரிசோதனை. சின்ன டப்பாவில் எடுத்து மூடி, கவரில் போட்டு, அதற்கு மேல் பேக்கரிப் பை ஒன்றில் வைத்து பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி பையையே பார்த்துக்கொண்டு வந்தார். "மக்ரூனா தம்பி? எந்தக் கடைல வாங்குனது?" என்றார்.

"கடைல வாங்கல அண்ணாச்சி, வீட்டுத் தயாரிப்பு" என்றேன்.

"அப்ப இன்னும் நல்லாருக்குமே" என்றார் பாவம். அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டேன். மிச்ச தூரம் நடந்துதான் போனேன். இதைச் சொன்னதும் என் மனைவி பெல்சியா சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஜனவரிக்குப் பிறகு அவள் இப்படிச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

தடவை: 5.

மே 13, செவ்வாய்

ரிசல்ட் 620. மார்ச்சில் 1840 இருந்தது.

"கால்புரொடெக்டின்னு ஒரு புரதம். அது கூடுதலா இருந்தா குடல்ல அழற்சி இருக்குன்னு அர்த்தம்" என்றார் டாக்டர். "இருநூறுக்குக் கீழே வரட்டும். அன்னிக்கே கிரேன் ஏறலாம்னு கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." பெல்சியாவும் நானும் இன்னும் கேட்க நினைத்தோம். அதற்குள் நர்ஸ் அடுத்தவரை உள்ளே அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் பெல்சியா யோசித்துக்கொண்டே வந்தாள். மட்டக்கடை ஸ்டாப் வந்ததும் தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "புரதம்தான் கூடிப்போச்சாம்லா? மீனு, முட்டை, பருப்பு, எல்லாம் புரதம். நாளையிலேருந்து ஒண்ணும் கிடையாது."

எனக்கும் சரி என்றுதான் பட்டது. உப்பு கூடினால் உப்பைக் குறைக்கிறோம். சர்க்கரை கூடினால் சர்க்கரையைக் குறைக்கிறோம்.

மே 14, புதன்

காலை: கஞ்சி. மதியம்: சோறு, சுரைக்காய். ராத்திரி: சுரைக்காய், சோறு.

தானும் மீன் தொடப்போவதில்லை என்று பெல்சியா சொல்லிவிட்டாள். ஒரு வீட்டில் இரண்டு சமையல் அவளால் முடியாதாம். மீன் தலைக்காக வரும் பூனை கேப்டன் அடுப்படி ஜன்னலில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கத்திப் பார்த்தது. சுரைக்காயை மோந்துவிட்டு எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தது.

தடவை: 4.

மே 25, ஞாயிறு

கேப்டன் எதிர்வீட்டுக்குக் குடி போய்விட்டது. தடவை: 3.

ஜூன் 3, செவ்வாய்

சூப்பர்வைசர் கேட்டுக்கே வந்து சொன்னார். ஆகஸ்ட் கடைசி வரை என் இடத்தைக் காலியாக வைத்திருப்பார்களாம். அதற்குள் டாக்டர் கையெழுத்து வராவிட்டால் அந்த கேபினுக்கு வேறு ஆள், எனக்குக் கடைசிவரை கேட்தான். "சம்பளத்துல பெருசா வித்தியாசம் வராது மச்சாது" என்று ஆறுதல் சொன்னார்.

அவருக்கு எப்படிச் சொல்வது? ஒரு மணி நேரத்தில் இருபத்தெட்டுப் பெட்டி தூக்கிய கை இது. காற்றடிக்கிற நாளில் ஆடுகிற பெட்டியை லாரி முதுகில் சத்தமில்லாமல் உட்கார வைக்கத் தெரிந்தவர்கள் இந்தத் துறைமுகத்தில் நான்கு பேர். அதில் நான் ஒருவன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

310! டாக்டர் என் நோட்டை வாங்கி எண்களை மட்டும் விரலால் தடவிக்கொண்டு போனார். இரண்டு தடவை, ரத்தம் இல்லை, வலி இல்லை. "சூப்பர். ஆனா எடை ஏன் நாலு கிலோ குறைஞ்சிருக்கு?" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மீன் தின்னாமல் இருப்பதை டாக்டரிடம் சொல்வானேன், அவருக்கே தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டோம். குட்டி வெள்ளை மாத்திரை மட்டும் இனி வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்.

அவர் எண்களை மட்டும்தான் பார்க்கிறார் என்று தெரிந்தது. இனி நோட்டில் தைரியமாக எழுதலாம்.

ஜூன் 16, திங்கள்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன விசைப்படகுகள் மீனோடு கரை திரும்பிவிட்டன. தெருவில் வீட்டுக்கு வீடு மீன் வறுக்கிற வாசனை. எங்கள் வீட்டில் பீர்க்கங்காய்.

சாயங்காலம் சுடலைமணியைப் பார்த்தேன். பக்கத்து கிரேன் ஆப்பரேட்டர், பதினெட்டு வருடக் கூட்டாளி. என் காலைப் பார்த்துவிட்டு, "என்னவே இது, கொக்குக் காலு மாரி ஆயிட்டு? கிரேன் லிப்டு ரிப்பேராயி கெடக்கு, தெரியும்லா? இருநூத்திப் பத்து படி. கையெழுத்து வாங்கிட்டு வந்து கீழயே நின்னு அண்ணாந்து பாக்கப் போறீரா?" என்றான்.

நியாயமான கேள்வி. அவன் குடியிருக்கும் அடுக்குமாடியில் நான்கு மாடி இருக்கிறது. நாளை முதல் அங்கே படி ஏறிப் பழகப்போகிறேன். பெல்சியாவிடம் காலாற நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிக்கொள்ளலாம். படி என்றால் பயந்துவிடுவாள்.

ஜூன் 21, சனி

ஏறி இறங்கியது எட்டு முறை. வலது முழங்கால் விண்விண் என்று தெறித்தது. சுடலைமணி சட்டைப் பையிலிருந்து மஞ்சள் மாத்திரையை எடுத்து நீட்டினான். கிரேன்காரன் சட்டைப் பையில் பேனா இல்லாமல் இருக்கும், அந்த மாத்திரை இல்லாமல் இருக்காது. நான்கு மணி நேரம் குனிந்து கீழேயே பார்த்துக்கொண்டிருக்கும் கழுத்துக்கு அதுதான் கதி. பெப்பர்மின்ட் மாதிரி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வோம். போட்டதும் கால் பறந்துவிட்டது.

அப்புறம் ஒரு தப்பு நடந்தது. அவன் வீட்டில் ஊளி மீன் குழம்பு. "உக்காரும்வே" என்றான். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அப்படிச் சொல்லும்போதே உட்கார்ந்துவிட்டேன். நாலு துண்டு. மாதாவே, என்னை மன்னியும். நாலாவது துண்டுக்கு மட்டும் மன்னித்தால் போதும், முதல் மூன்றும் பசி.

தடவை: 2. மருந்து: காலை இரண்டு, ராத்திரி இரண்டு.

ஜூன் 25, புதன்

பத்து முறை ஏறினேன். மஞ்சள் மாத்திரை ஒன்று. சாளை வறுவல் ஆறு. வீட்டுக்கு வருமுன் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். பெல்சியா கதவைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சினாள். "நடக்கப் போற எடத்துல மீன் மார்க்கெட்டு எதுவும் இருக்கா?" என்றாள். கடல் காற்று என்று சொன்னேன்.

மருந்து: அதேதான்.

ஜூன் 29, ஞாயிறு

கொழுந்தியாள் வீட்டில் நிச்சயதார்த்த விருந்து. சீலா மீன் வறுவல் தட்டு தட்டாக வந்தது. எனக்குக் காவலாகப் பெல்சியா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். இருவரும் ரசம் சோறு தின்றோம். நீயாவது சாப்பிடேன், இது உன் தங்கச்சி வீடுதானே என்றேன். பல் வலிக்கிறதாம். அதே பல்லால் முறுக்கு கடித்தாள். சில பல் அப்படித்தான் போல.

ஜூலை 4, வெள்ளி

பதினான்கு முறை! இப்போது காலை ஒன்று, மாலை ஒன்று மஞ்சள் மாத்திரை. முழங்கால் சொன்னபடி கேட்கிறது. தடவை: 2. ராஜா மாதிரி இருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

780.

ஜூலை 11, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 12, சனி

லேப்காரர்கள் டப்பாவை மாற்றியிருப்பார்களோ என்று போய்ச் சண்டை போட்டேன். அங்கிருந்த பெண் பொறுமையாக என் பெயரையும் தேதியையும் காட்டினாள். பெயர் என்னுடையதுதான்.

மீன்தான் காரணம். இருபது நாளில் பதினோரு தடவை தின்றிருக்கிறேன். எண்ணிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பெல்சியா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுரைக்காயிலும் புரதம் இருக்குமோ என்று பக்கத்து வீட்டு டீச்சரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுவிட்டு நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தடவைக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

ஜூலை 14, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

டாக்டர் ரிசல்ட்டையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நோட்டுல எல்லாம் நல்லா இருக்கு, நம்பர் மட்டும் ஏறியிருக்கு. இப்படியே இருந்தா மறுபடி குடலுக்குள்ள கேமராக் குழாய் விட்டுப் பாக்கணும். ஊசி மருந்துக்குப் போக வேண்டியிருக்கும். கிரேனை இப்போதைக்கு மறந்துடுங்க" என்றார். பிறகு, "இருங்க, ஜூன்லேருந்து ஒரு தடவை முழுசாப் படிச்சுடறேன்" என்று பக்கத்தைத் திருப்பினார்.

"வேண்டாம் டாக்டர், கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும்" என்றேன்.

"எங்க கையெழுத்தையே நாங்க படிக்கிறோம்" என்றவர், சத்தமாகவே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். "ஜூன் இருபத்தொண்ணு. ஊளி மீன் குழம்பு, நாலு துண்டு. மாதாவே என்னை மன்னியும்..."

பெல்சியா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய குடல் படத்தைப் பார்த்தேன்.

"சாளை வறுவல் ஆறு. கையை மூணு தடவை சோப்புப் போட்டு..." டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மீன் சாப்பிட்டதுக்கு ஏங்க மன்னிப்பு?"

"நீங்கதான் டாக்டர், புரதம் கூடிட்டுன்னு சொன்னிய. அதான் மீனு, முட்டை, பருப்பு எல்லாத்தையும் நிறுத்திட்டேன். இவிய திருட்டுத்தனமா..." என்றாள் பெல்சியா.

டாக்டர் நோட்டைக் கீழே வைத்துவிட்டார். நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "தப்பு என் மேலதான். நான் விளக்கியிருக்கணும்" என்றவர், வெளியே காத்திருந்தவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் எங்களுக்குப் பாடம் நடத்தினார். அது சாப்பாட்டில் வரும் புரதமே இல்லையாம். நம் ரத்தத்தில் இருக்கிற வெள்ளணுக்கள் தங்களுக்குள்ளேயே செய்து வைத்திருக்கிற ஆயுதமாம். கிருமி பெருகுவதற்குத் துத்தநாகம், மாங்கனீசு மாதிரிச் சத்தெல்லாம் வேண்டும். இந்தப் புரதம் போய் அதையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். கிருமி பட்டினியில் கிடந்து ஒடுங்கிவிடும்.

பெல்சியா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்ப அது பட்டினி போடுதது கிருமிய. நான் பட்டினி போட்டது இவியள."

டாக்டர் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது நல்லவன்தாம்மா. காவல்காரன். இவர் விஷயத்துல என்னன்னா, திருடனே இல்லாதப்பவும் காவல்காரங்க குடல்ல வந்து குவிஞ்சுடறாங்க. அத்தனை பேர் குவிஞ்சா வீட்டையே உடைச்சுப் போட்டுருவாங்க. நாம எண்ணுறது எத்தனை காவல்காரங்க நிக்கிறாங்கன்னுதான். மருந்து கொடுக்கிறது அவங்களைத் திருப்பி அனுப்ப."

எனக்கு உடனே பிடிபட்டது. துறைமுகத்தில் ஏதாவது புரளி கிளம்பினால் செக்யூரிட்டி ஆட்கள் வந்து குவிவார்கள். தலையை எண்ணினாலே உள்ளே எவ்வளவு கலவரம் என்று சொல்லிவிடலாம். இத்தனை நாள் நான் காலையும் மாலையும் சபித்தது என் சொந்த ஆட்களை.

"அப்ப மீன்னால நம்பர் ஏறலையா டாக்டர்?"

"மீனால இல்ல. ஆனா இது என்ன மஞ்சள் மாத்திரை?"

"அது மருந்து இல்ல டாக்டர். முழங்காலுக்குப் போடுறது. கிரேன்ல எல்லாரும் போடுவோம்."

டாக்டர் நோட்டை மறுபடி புரட்டினார். "மருந்துங்கிற கட்டத்துல அதை ஒரு நாள் கூட எழுதல."

"அதான் சொல்லுதேனே, அது மருந்தே இல்ல."

அவர் சத்தம் போடவில்லை. வலி மாத்திரை குடலின் உள்தோலை உரித்துவிடும், உரிந்த இடத்துக்குக் காவல்காரர்கள் திரும்பவும் ஓடி வருவார்கள், என் மாதிரி ஆட்களுக்கு அது விஷம் என்று நிதானமாகச் சொன்னார். "இன்னியோட நிறுத்துங்க. முழங்காலுக்கு வேற வழி சொல்றேன். நாலு வாரம் கழிச்சு மறுபடி பாப்போம். இதுதான் காரணம்னா இறங்கும்."

"இறங்கலன்னா?"

"அப்ப பாத்துக்கலாம்."

பஸ்ஸில் பெல்சியா ஜன்னல் பக்கமாகவே திரும்பி உட்கார்ந்து வந்தாள்.

ஜூலை 15, செவ்வாய்

பேச்சுவார்த்தை கிடையாது. சாப்பாடு மட்டும் வந்தது. மீன் இல்லை. கேட்கத் தைரியமும் இல்லை.

ஜூலை 16, புதன்

மதியம் தட்டில் பாறை மீன் குழம்பு, இரண்டு அவித்த முட்டை, பருப்பு, எல்லாம் ஒரே நேரத்தில். "தின்னுங்க. அடுத்தவன் வீட்டுல கைய நக்குனது போதும்" என்றாள். பேசிவிட்டாள்! நான் தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து முள் எடுத்துப் போட்டாள். நீ சாப்பிடவில்லையா என்று கேட்டேன். வாசனையே இப்போது பிடிக்கவில்லையாம், சுரைக்காய் பழகிவிட்டதாம். பெண்களுக்கு எதுவும் சீக்கிரம் பழகிவிடுகிறது.

கேப்டன் ஜன்னலில் ஆஜர். ஒரு முழுத் தலை கொடுத்தேன்.

சுடலைமணிக்குப் போன் செய்து மஞ்சள் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். "ஏம்வே, என் கொடலும் இப்ப வலிக்க மாரி இருக்குவே" என்று பயந்துவிட்டான்.

ஜூலை 27, ஞாயிறு

முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம். பெல்சியாதான் வைக்கிறாள். படி ஏறினது தெரிந்துவிட்டது அல்லவா, இப்போது கூடவே வந்து அவளும் ஏறுகிறாள். இரண்டு மாடியிலேயே மூச்சு வாங்க உட்கார்ந்துகொண்டு எண்ணுகிறாள். ஒரு முறை நான் ஏமாற்றி ஆறு என்றேன். "அஞ்சு" என்றாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோயில் திருவிழா. ஊரே தெருவில் நின்றது. கூட்டத்தில் நான்கு மணி நேரம் நின்றேன். நான்கு மணி நேரம்! கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கண்ணால் தேடவில்லை. பெல்சியா மாதா முன்னால் ரொம்ப நேரம் முழங்காலில் நின்றாள். என்ன வேண்டினாய் என்றேன். "ஏற்கெனவே வேண்டினதுதான். ஞாபகப்படுத்துனேன்" என்றாள்.

தடவை: 1.

ஆகஸ்ட் 11, திங்கள்

டப்பா கொடுத்தாகிவிட்டது. இந்த முறை ஆட்டோ.

ஆகஸ்ட் 14, வியாழன்

84.

எண்பத்து நான்கு. 84. எட்டு, நான்கு. டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளைப் பெல்சியா தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தாள். கண்ணீரில் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. நர்ஸ்தான் திருப்பிக் கொடுத்தார். டாக்டர் வீட்டுக்கும் சேர்த்து மக்ரூன் வாங்கி வைத்திருந்தேன். பையை நீட்டியதும் ஒரு கணம் தயங்கினார். மே மாதப் பக்கத்தையும் படித்திருக்கிறார் போல.

"நிஜ மக்ரூன் டாக்டர்" என்றேன்.

மருந்தை நிறுத்தக்கூடாது, நோட்டையும் நிறுத்தக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். சரி என்று தலையாட்டினேன். இன்று எதைச் சொன்னாலும் தலையாட்டியிருப்பேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இருநூற்றுப் பத்துப் படி. இரண்டு இடத்தில் நின்றேன், இளைப்பாற இல்லை, கடலைப் பார்க்க. அப்படித்தான் சுடலைமணியிடம் சொல்லியிருக்கிறேன்.

கேபின் அப்படியே இருந்தது. என் ஜெபமாலையை யாரும் தொடவில்லை. முதல் பெட்டி ஒரு நீலக் கன்டெய்னர். கை மறந்திருக்குமோ என்று பயந்தேன். பெட்டி லாரியில் உட்கார்ந்தபோது டிரைவர் வெளியே தலையை நீட்டி மேலே பார்த்தான், வைத்தாகிவிட்டதா என்று. சத்தமே இல்லை. நான் கேபினுக்குள் தனியாக ஓவென்று கத்தினேன்.

பதினொன்றரைக்குக் கப்பலின் அடித்தட்டு மூடியைத் திறக்க அரைமணி நேர இடைவேளை விட்டார்கள். டிபன் பாக்ஸைத் திறந்தேன். சீலா மீன் குழம்பு, நடுத்துண்டு இரண்டு. சரியாக அப்போது போன் அடித்தது.

"மேலதான இருக்கிய?" பெல்சியா.

"மேலதான். இப்பதான் தொறந்தேன்."

"ஒரு வாய் வைங்க."

"வைக்கேன். நீ சாப்ட்டியா?"

"வைங்கன்னா வைங்க முதல்ல."

வைத்தேன். "ஆச்சு. நல்லாருக்கு" என்றேன். அந்தப் பக்கம் தட்டு நகரும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லுகிற சத்தம்.

"என்ன தின்னுத?"

"சீலாதான். நூத்தி மூணு நாளாச்சு."

"வாசனையே பிடிக்கலன்னு சொன்ன?"

"பின்ன என்ன சொல்ல? நீங்க கிரேன் மேல போயி உக்காந்து ஒரு வாய் மீன் தின்னப் பொறவுதான் நான் தொடுவேன்னு மாதாட்ட நேந்திருந்தேன். சொன்னா நீங்க விட்ருப்பியளா?" என்றாள். வாய் நிறையச் சோற்றோடு அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

அந்த நூற்று மூன்று நாளில் நான் சுடலைமணி வீட்டில் பதினோரு தடவை கை நனைத்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். "தெரியும், நோட்டுல இருக்கு. முள்ளப் பாத்துத் தின்னுங்க" என்றாள். வாக்கிடாக்கியில் கீழேயிருந்து ஆள் கூப்பிடும்வரை இருவரும் போனை வைக்காமல் தின்றுகொண்டிருந்தோம்.

தடவை: 1. ரத்தம்: இல்லை. வலி: இல்லை. மருந்து: காலை இரண்டு, ராத்திரி இரண்டு, வேறு எதுவும் இல்லை. சாப்பாடு: சீலா மீன் குழம்பு, நானும் பெல்சியாவும்.